நாய்க்கும் ஒரு போர்டிங்

கம்பஸுக்கு வந்த முதல் கிழமை போர்டிங் தேடி அலைஞ்ச ஆக்களுக்கு நான் சொல்லப்போறது லேசா விளங்கும். அறையை மட்டும் பார்த்துவிட்டு ஒருத்தரும் அட்வான்ஸ் குடுக்கிறதில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்போம். ரொய்லெட் எத்தனை பேருக்கு என்று கேட்போம். வீட்டுக்கார அன்ரி எத்தனை மணிக்குக் கேற்றைப் பூட்டுவா என்று விசாரிப்போம். ஏற்கெனவே அங்கே இருக்கிற சீனியரைத் தனியக் கூப்பிட்டு "உண்மையச் சொல்லுங்கோ அக்கா, எப்பிடி இந்த வீடு?" என்று குசுகுசுப்போம். இவ்வளவும் வாய் இருக்கிற, போன் இருக்கிற, பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு ஆளுக்கு. இது ஒன்றுமே இல்லாத நாயைப் பத்து நாள் எங்கேயாவது விட்டுவிட்டுப் போகும்போது மட்டும், முகநூலில் கண்ட முதல் நம்பருக்கு அடித்து "இடம் இருக்கோ?" என்று கேட்பதோடு எங்கள் விசாரணை முடிந்துவிடுகிறது.

அதையும் சிலர்தான் செய்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. குடும்பமே கொழும்புக்கோ கதிர்காமத்துக்கோ இந்தியாவுக்கோ வெளிக்கிடும். நாய் மாமரத்தடியில் சங்கிலியில் கிடக்கும். பக்கத்து வீட்டு மாமியின் கையில் கேற் திறப்பைக் குடுத்து, "ஒரு நேரம் சோறு வைச்சால் காணும் மாமி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாமி பாவம், அவவுக்கும் நாயெண்டால் பயம். தூர நின்று சோற்றுத் தட்டைத் தடியால் தள்ளிவிட்டு வருவா. தண்ணிச் சட்டி கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். கேட்டால், "அது வீட்டைக் காவல் காக்குதுதானே" என்பார்கள். கட்டிப்போட்ட நாய் எந்தக் கள்ளனைப் பிடிக்கும்? இரவு பகலாக ஓயாமல் குரைக்கிற நாய், வீட்டில் ஆள் இல்லை என்பதை முழு ஒழுங்கைக்கும் அறிவிச்சுக்கொண்டு நிக்குது, அவ்வளவுதான்.

காசு குடுத்து நாயைப் பராமரிக்க விடுவது வெளிநாட்டுக்காரரின் சோக்கு என்ற எண்ணம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்காக, காசு வாங்குகிற இடமெல்லாம் மாமரத்தடியை விடத் திறம் என்றும் நான் சொல்லமாட்டன். சில இடங்கள் மாமரத்தடியை விட மோசம். அங்கே குறைஞ்சது நிழலாவது இருக்கு.

கடந்த வருசம் அம்மம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்பது நாள் கொழும்பில் நிற்கவேண்டி வந்தது. வீடு கிளிநொச்சியில். பிறவுனிக்கு ஆறு வயது, ஊர் நாய், பஸ்ஸில் ஏத்தமாட்டினம், கொழும்பில் நாங்கள் தங்கப்போன வீட்டில் எங்களுக்கே இடம் மட்டுமட்டு. நான் யாழ்ப்பாணத்தில் நிற்கிறபடியால் இடம் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அப்பா சிரித்தார்: "நாய்க்குப் போர்டிங்கோ? உனக்குப் பார்த்த போர்டிங்கே இன்னும் சரிவரேல்லை." அம்மா சிரிக்கவில்லை. அவ 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக நடந்து வந்தவ. பிறகு 2008 இல் கிளிநொச்சியையும் விட்டு வெளிக்கிட்டவ. இரண்டு தரமும் கடைசியாகச் செய்த வேலை நாயின் சங்கிலியை அவிழ்த்து விட்டதுதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறா. திரும்பி வந்து பார்க்க அது இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. "ஒன்பது நாள்தானே, ஒழுங்கான இடமாப் பார்" என்று மட்டும் சொன்னா.

மூன்று இடம் பார்த்தேன். பெயர் சொல்லப்போறதில்லை.

முதல் இடத்தில் கேற்றடியிலேயே கதை முடிந்தது. உள்ளே பார்க்கலாமோ என்று கேட்டதற்கு, "மற்ற நாய்கள் குழம்பும் தம்பி, வட்ஸ்அப்பில படம் அனுப்புறம்" என்றார்கள். மற்ற நாய்கள் குழம்பும் என்பது பொய்யில்லை. புது ஆளைக் கண்டால் நாய்கள் குரைக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஒரு நேரம் குறித்துத் தரலாம், தூர நின்று பார்க்க விடலாம். ஒரு நாய் எங்கே படுக்கப்போகுது, எங்கே மூத்திரம் போகப்போகுது, எந்தச் சட்டியில் தண்ணி குடிக்கப்போகுது என்பதைக் காட்டாத இடத்துக்கு அனுப்புகிற படம் எதற்கு? படத்துக்கு மணம் இல்லை. நேரில் போனால் முதலில் மூக்கைத்தான் நம்பவேண்டும். நாய் இருக்கிற இடத்தில் நாய் மணம் வரும், அது பிழையில்லை. பழைய மூத்திரம் கண்ணை எரிக்கிற அளவுக்கு இருந்தால், அல்லது அதை மறைக்கப் பினாயிலை அள்ளி ஊத்தியிருந்தால், திரும்பி வாங்கோ.

இரண்டாவது இடம் வடிவு. சுவரில் நாய்ப்படம், ஏசி, குளிப்பாட்ட ஷாம்பு, பிறந்தநாளுக்குத் தொப்பி. எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: தடுப்பூசி அட்டை. நானாகக் கையில் வைத்து ஆட்டியும் கேட்கவில்லை. பலர் இதைச் சின்ன விசயம் என்று நினைப்பார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய விசயமாகப் பட்டது. என்னுடைய நாயின் அட்டையைக் கேட்காதவர், பக்கத்துக் கூட்டில் படுக்கிற நாயின் அட்டையையும் கேட்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும். எங்கட ஊரில் "ஊசி போட்டாச்சு" என்றால் அநேகமாக விசர்நாய்த் தடுப்பூசியைத்தான் சொல்லுவினம். அதை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, வருசா வருசம் போடத்தான் வேண்டும். ஆனால் நாய்கள் கூடியிருக்கிற இடத்தில் கெதியாகப் பரவி நாயைக் கொல்லுகிறது பார்வோவும் டிஸ்டெம்பரும். அவற்றுக்கு அந்த இலவச ஊசி ஒன்றும் செய்யாது. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த ஊசி வேறு. அதை மிருக வைத்தியரிடம் காசு குடுத்துப் போடவேண்டும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் மூத்திரத்தால் ஆளுக்கும் வரலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி ஆக்கள் செத்ததை நாங்கள் மறந்திருக்க ஏலாது.

பார்வோ பொல்லாத கிருமி. நோய் வந்த நாயின் மலத்தில் வெளியே வந்து, நிலத்தில் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். நோயாளி நாய் போய் மூன்று மாதத்துக்குப் பிறகு அதே கூட்டுக்குள் போகிற குட்டிக்கும் தொற்றும். வழமையான பல கழுவு மருந்துக்கு அது மசியாது. பிளீச்சைத் தண்ணியில் கலந்து, ஊத்தையை முதலில் கழுவி எடுத்துவிட்டு, பிறகு ஊத்திக் கொஞ்ச நேரம் விட்டால்தான் சாகும். அதுவும் சீமெந்து நிலத்தில் மட்டும் சரிவரும். மண்ணில் ஊத்தினால் காசுக்குத்தான் நட்டம். ஆகவே "எதாலை கழுவுறீங்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கோ. பதில் சொல்லுகிற விதத்திலேயே ஆள் பிடிபடும்.

ஊசியை வெளிக்கிடுகிறதுக்கு முதல்நாள் போட்டுவிட்டு அட்டையைக் காட்டுகிற கெட்டித்தனமும் உதவாது. முதல் தடவை போடுகிற விசர்நாய்த் தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய மூன்று, நாலு கிழமை எடுக்கும். மற்றதும் குறைஞ்சது ஒன்று, இரண்டு கிழமை கேட்கும். ரிக்கெற் புக் பண்ணுகிற அன்றைக்கே அட்டையை எடுத்துத் திகதியைப் பார்க்கவேண்டும். தடுப்பூசி எல்லாம் முடியாத சின்னக் குட்டியை எந்த போர்டிங்கிலும் விடாதேங்கோ. எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்தான்.

மூன்றாவது இடத்தைப் பார்த்தால் ஒருத்தருக்கும் பிடிக்காது. ஒரு பழைய வீட்டின் பின்வளவு. ஆறு கூடு. தொப்பியும் இல்லை, ஏசியும் இல்லை. ஆனால் கூட்டுக்கு மேலே போட்டிருந்த தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்திருந்தது. ஏப்ரலில் எங்கட வெயிலுக்கு வெறும் தகரத்துக்குக் கீழே ஒரு மத்தியானம் இருந்து பாருங்கோ, அதுக்குப் பிறகு கிடுகின்ர அருமை தெரியும். நாய்க்கு எங்களை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறதுதான் அதன் பிரதான வழி. சடை நாய்களுக்கும், மூக்குச் சப்பையான பக் மாதிரி நாய்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. அப்பிடியான நாய் வைச்சிருக்கிற ஆக்கள், மத்தியானம் ஒரு மணிக்குப் போய் இடத்தைப் பார்க்கவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லா இடமும் குளிர்மைதான்.

அங்கே இருந்த ஐயா என்னை விசாரித்த மாதிரி என்ர போர்டிங் அன்ரிகூட விசாரிக்கவில்லை. அட்டையை வாங்கி ஒவ்வொரு திகதியாக விரலை வைத்துப் பார்த்தார். ஆரையும் கடிச்சிருக்கோ? இடி முழக்கத்துக்குப் பயமோ? என்ன சாப்பாடு? சாப்பிடும்போது கிட்டப் போனால் உறுமுமோ? எந்த மிருக வைத்தியரிடம் காட்டுறனீங்கள்? உங்களுக்குப் போன் எடுக்க ஏலாட்டி ஆரிட்டைக் கேக்கிறது? மருந்துச் செலவு வந்தால் எவ்வளவு வரைக்கும் கேக்காமல் செய்யலாம்? கடைசிக் கேள்வி கொஞ்சம் திடுக்கிட வைத்தது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு நாய் இரத்தமாகக் கழிகிறபோது, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் விடியும்வரை ஒருத்தரும் ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடாது அல்லவா. நான் என் பக்கத்துக் கேள்வியைக் கேட்டேன்: "இரவில ஆர் நிக்கிறது?" தானும் மனிசியும் இந்த வீட்டில்தான் படுக்கிறது என்று சன்னலைக் காட்டினார். சில இடங்களில் ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது கேட்டால்தான் தெரியவரும்.

கேற்றையும் கவனித்தேன். கூட்டைத் திறந்தால் நேராக றோட்டு இல்லை, நடுவில் இன்னொரு கேற். புது இடத்துக்கு வந்த நாய் முதல் இரண்டு, மூன்று நாளும் ஓடித் தப்பத்தான் பார்க்கும், தன் வீடு எந்தத் திசை என்றும் தெரியாமல். அதற்குள் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் முடிஞ்சுது கதை. தீபாவளிக் காலம், வருசப் பிறப்பு, பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் இந்த இரண்டாவது கேற் இல்லாத இடத்தில் நான் விடவே மாட்டன். கழுத்துப் பட்டியில் உங்கட நம்பரை அழியாத மையால் எழுதிவிடுங்கோ. கொழும்பில் நிற்கிற உங்கட நம்பர் காணாது, ஊரில் நிற்கிற ஒருத்தரின் நம்பரும் வேணும்.

இதெல்லாவற்றையும் நாங்களே பார்க்கவேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கு. இந்த நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில் தண்டப்பணம் ஆகக்கூடியது 100 ரூபாய். வெள்ளைக்காரன் எழுதின காலத்தில் அது பெரிய காசு. இப்ப அதுக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு பணிசும் சேர்த்து வாங்க ஏலாது. புதிய விலங்கு நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்தது, பிறகு அது வருசக்கணக்காக இழுபட்டது. உங்கட நாயைப் பட்டினி போட்ட இடத்துக்கு எதிராக நீங்கள் வழக்குப் போட்டு வென்றாலும் மிஞ்சுவது அந்த நூறு ரூபாய்க் கணக்குத்தான். சாப்பாடு எத்தனை நேரம், நாளுக்கு எவ்வளவு காசு, நோய் வந்தால் ஆர் பொறுப்பு, சண்டையில் கடிபட்டால் உடனே அறிவிக்கவேண்டும் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைப்பது, சட்டம் இல்லாத ஊரில் ஒரு சின்னப் பிடி. கடிபட்டதை மறைக்கக்கூடாது என்பதைக் கட்டாயம் எழுதுங்கோ. விசர்நாய் நோய் கடிபட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். காயம் ஆறிவிட்டது என்று சொல்லாமல் விட்டால் முழு வீட்டுக்கும் ஆபத்து.

பெட்டை நாய் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கட பக்கம் கருத்தடை செய்த நாய் குறைவு. கடுவனையும் பெட்டையையும் ஒன்றாக உலாவ விடுகிற இடத்தில் விட்டுவிட்டு வந்தால், இரண்டு மாதத்தில் போர்டிங்கின் நினைவாக ஆறு குட்டி கிடைக்கும். பிறகு அந்தக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தையடியில் விடுகிறதும் நாங்கள்தான்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும், ஆகவே வீட்டில் குடுக்கிறதையே குடுக்கச் சொல்லுங்கோ. பிறவுனிக்கு மீன் தலை அவிச்ச சோறு. நல்லூர்த் திருவிழா நடக்கிற அந்த 25 நாளுக்குள் யாராவது விடுவதென்றால், போர்டிங் வீட்டிலும் சைவமா என்று ஒருக்கால் கேட்டுப்போட்டு விடுங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்லை. ஆச்சாரமான வீட்டில் வளவுக்குள் மீன் வரவிடாயினம், உங்கட நாய் பருப்புச் சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கிடக்கும்.

காசு? எங்களிடம் கேட்டது நாளுக்கு 1500 ரூபாய். ஒன்பது நாளுக்குக் கணக்குப் பார்த்தால் என்ர ஒரு மாத போர்டிங் வாடகையை விடக் கூட. இதைக் கட்ட ஏலாத வீடுகள்தான் எங்கள் ஊரில் கூட, அவர்களைப் பார்த்து "நாய் வளர்க்கத் தகுதியில்லை" என்று முகநூலில் பாடம் எடுக்கிற ஆக்களை எனக்குப் பிடிக்காது. அதோடு, எல்லா நாய்க்கும் போர்டிங் பொருந்தவும் மாட்டாது. பிறந்ததிலிருந்து ஒரே வளவில் வாழ்ந்த கிழட்டு நாயை, கண் தெரியாத நாயை, சங்கிலியே காணாமல் ஒழுங்கை முழுக்கத் திரிகிற ஊர் நாயைக் கொண்டுபோய்க் கூட்டில் அடைப்பது, எவ்வளவு சுத்தமான கூடாக இருந்தாலும், வதைதான். அவற்றுக்கு வீட்டிலேயே ஒருத்தர் வந்து தங்குவது திறம். கம்பஸ் பொடியளுக்கும் பிள்ளையளுக்கும் நான் சொல்லுவது: லீவில் ஊருக்குப் போகாமல் நிற்கிற எத்தனையோ பேர் இருக்கிறம். ஒரு வீட்டில் தங்கி, நாய்க்கு இரண்டு நேரம் சோறு வைத்து, படிச்சுக்கொண்டு இருக்கிறதுக்குச் சம்பளம் தந்தால் வேண்டாம் எண்டு சொல்லுவமோ? போர்டிங்கை விட மலிவாகவும் முடியும். ஆனால் அந்த ஆளை ஒரு கிழமைக்கு முதலே இரண்டு, மூன்று தரம் வீட்டுக்குக் கூப்பிட்டு நாயோடு பழக விடவேண்டும். திறப்பை மாத்திரம் குடுத்தால் அது மாமி கதைதான்.

போர்டிங்கில் விடுகிறதென்றாலும் அப்பிடித்தான். நீண்ட பயணத்துக்கு முதல் ஒரு இரவு மட்டும் விட்டு எடுத்துப் பாருங்கோ. நாங்கள் விட்டோம். அடுத்தநாள் காலமை போனபோது பிறவுனி என்னைக் கண்டு குதித்தது, அதில் ஒன்றும் தெரியவராது, எங்கே விட்டாலும் குதிக்கும். அந்த ஐயா கூட்டைத் திறந்தபோது பதுங்காமல் அவருடைய காலை உரசிக்கொண்டு வெளியே வந்தது. அதைத்தான் பார்க்கவேண்டும். ஒன்பது நாளுக்கு விடும்போது அப்பாவின் தோய்க்காத பழைய சாரம் ஒன்றையும் சேர்த்துக் குடுத்துவிட்டோம், மணத்துக்கு.

அட்வான்ஸ் ஏன் முழுதாக வாங்குகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மூலையில் படுத்திருந்த ஒரு வெள்ளை நாயைக் காட்டினார். இரண்டு கிழமைக்கு என்று விட்ட குடும்பமாம். வெளிநாடு போய்விட்டார்களாம், நம்பரையும் மாத்திப்போட்டினம். அது இப்ப அவருடைய நாய். ஒவ்வொரு முறையும் கேற் சத்தம் கேட்க எழும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது. நாட்டை விட்டுப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, போகிற நிலைமை எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் "திரும்பி வாறம்" என்று பொய் சொல்லி விட்டுப்போவதற்குப் பதிலாக "வரமாட்டம், ஒரு வீடு பார்த்துத் தாங்கோ" என்று சொல்லியிருந்தால், அந்த நாய்க்கு அப்போதே ஒரு வளவு கிடைத்திருக்கும். இடத்தைப் பற்றி நாங்கள் விசாரிக்கிற மாதிரி, எங்களைப் பற்றி விசாரிக்கிற உரிமை அவர்களுக்கும் உண்டு என்பது அன்றைக்கு எனக்கு வடிவாக விளங்கியது. அடையாள அட்டைப் பிரதி கேட்டால் முகத்தைச் சுழிக்காமல் குடுங்கோ.

கூட்டிக்கொண்டு வந்த பிறகும் அலுவல் முடியாது. முதல் இரண்டு நாளும் நாய் நிறையத் தண்ணி குடிக்கும், அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை கொள்ளும், அது பயப்படுகிற விசயமில்லை. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கா என்று அன்றைக்கே பாருங்கோ. சத்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் என்றால் பார்வோவாக இருக்கலாம், அது தொற்றி ஒன்று, இரண்டு கிழமைக்குள் காட்டிவிடும். உண்ணிக் காய்ச்சல் இன்னும் ஆறுதலாக வரும். இரண்டு, மூன்று கிழமை கழித்து சாப்பாட்டை வெறுக்கும், உடம்பு சுடும், முரசு வெளிறும், சிலவேளை மூக்கால் இரத்தம் வரும். பொறுத்துப் பார்ப்பம் என்று இருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை வெளியில் விட்டிருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. பிறகு அந்தப் போர்டிங்குக்கும் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கோ. அங்கே அந்தக் கிழமை இன்னும் ஐந்து நாய் படுத்திருந்திருக்கும்.